இரண்டாவது துண்டு

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பதை இஞ்ஞாசி கவனித்துவிட்டார். ஒரு அடி வைக்கிறார்கள், இரண்டாவது அடி வைப்பதற்குள் மூக்கு விரிகிறது, தோள் இறங்குகிறது, முகம் தளர்ந்து சின்னப் பிள்ளை முகமாகிவிடுகிறது. அவர் இந்த மூலை மேசையில் வந்து உட்கார்ந்த பிறகு இருபத்திரண்டு பேர் வந்தாகிவிட்டது. அதில் பத்தொன்பது பேர் அப்படிச் செய்தார்கள். இரண்டு பேர் கைபேசியில் பேசிக்கொண்டே வந்ததால் சேர்த்தி இல்லை, ஒருத்தர் முகக்கவசம் போட்டிருந்தார். உள்ளே வரும்போது இஞ்ஞாசியும்தான் செய்தார். மனைவி செசிலி கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தபோது அவரும் மூச்சை இழுத்தார், தோளை இறக்கினார், தலையைக்கூட ஒரு தரம் ஆட்டினார். எல்லாம் ஒரு நொடி பிந்தி. அந்த ஒரு நொடியை அவள் பார்த்தாளா என்பதுதான் இப்போது தொண்டையில் மீன் முள்போல நின்றது. வெயிலிலிருந்து வந்த மூக்குக்குள் குளிர்ந்த காற்று போனது, அவ்வளவுதான், பச்சைத் தண்ணீர் போவதுபோல. வெண்ணெய் வாசனை இருக்கும், வெந்த மாவின் வாசனை இருக்கும், பின்கட்டில் எங்கேயோ சர்க்கரை பாகாகிச் சிவக்கிற வாசனை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெருப் பெயரைப் பலகையில் படிக்கிற மாதிரி தெரியும், அந்தத் தெருவுக்குள் கால் வைக்கத்தான் முடியாது. காய்ச்சல் விட்ட நாளிலிருந்து இன்றோடு நானூற்றுப் பதினெட்டு நாள். பதினெட்டா, பதினேழா? காய்ச்சல் விட்டது மார்ச்சு மாதம் ஒரு சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் காப்பியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணினால் பதினேழு. பதினேழு என்றே வைத்துக்கொள்ளலாம்.

செசிலி வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர். கடற்கரைக்கு மூன்று தெரு உள்ளே இருக்கிற இந்த பிரெஞ்சு ரொட்டிக் கடைக்கு எந்நேரமும் இப்படித்தான் கூட்டம், வெளியூர்க்காரர்கள் தின்பதற்கு முன் படம் எடுக்கிறார்கள், தின்ற பிறகு காலித் தட்டையும் படம் எடுக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் மூன்று அடுக்கு, பதினேழு வகை. பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன வாய்க்கு அதெல்லாம் எதற்கு என்று அவர் எப்போதும் தள்ளியே இருந்துவிடுவார். கடை திறந்த புதிதில் ஒரு தரம் தனியாக வந்து கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினார், கடைப் பெண் பக்கத்தில் இருந்ததை எடுத்துப் பொட்டலம் கட்டினாள், அது இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளியில் அப்படி. வீட்டில் வேறு. வெளியே வாய் திறக்காத மனுசன் வீட்டில் மூன்றாவது வாய்க்கு வாய் திறப்பார் என்று செசிலி தன் அக்காளிடம் சொல்லிச் சிரித்தது ஒரு நாள் அவர் காதில் விழுந்திருக்கிறது. சரிதான். முதல் வாய் பசிக்கு. இரண்டாவது வாய் நாக்கு பழக. மூன்றாவது வாயில்தான் உண்மை தெரியும். மூன்றாவது வாயை விழுங்கிவிட்டு அவர் சொல்வார்: புளி ஒரு கொட்டை கூட. வெந்தயம் ஒரு கொதி முந்திப் போட்டுட்டே. உப்பு ரெண்டு கல். குரலை உயர்த்தியதே இல்லை. சொல்லிவிட்டு மிச்சத்தைச் சுத்தமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். செசிலி அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்று அந்த மூன்றாவது வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பத்திரண்டு வருசம் நின்றாள்.

மில்லில் அவருக்கு அதுதான் வேலை. சாய்ந்த மேசை, அடியில் விளக்கு, மேலே துணி ஓடும். ஓரங்குலச் சதுரப் பூதக்கண்ணாடியை வைத்து நெடுக்கு இழை எத்தனை, குறுக்கு இழை எத்தனை என்று எண்ணுவார். இழை விட்டுப்போன இடத்தில் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவார். முப்பத்து மூன்று வருசம். குற்றம் இருந்தால் நூல் கட்ட வேண்டும், குற்றம் இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, துணி தானாக மடிப்புக்குப் போய்விடும். நல்ல துணியில் நல்ல துணி என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. வீட்டிலும் அவர் சும்மா இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது செசிலிக்குத் தெரியும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெரிந்திருக்கும். தெரியாமலா இருந்திருக்கும். ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம், ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ரசம் ஊற்றினாள், அவர் மூன்று வாய் சாப்பிட்டார், மூன்று வாயும் வெந்நீராக இறங்கியது. மிளகு மட்டும் நாக்கில் எங்கேயோ சுட்டது. அவள் வாசலில் நின்றாள். அவர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதே போதுமாக இருந்த மனுசனுக்கு அன்றைக்குச் சும்மா இருக்கப் பயமாகிவிட்டது, அந்த மௌனத்துக்குள் அவள் எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று. நல்லாருக்கு என்றார். அகப்பையிலிருந்து ரசம் தரையில் சொட்டியது. என்னா சொன்னீங்க என்று அவள் கேட்டாள். நல்லாருக்குன்னேன். அன்றைக்குத் தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு என்று வைத்தால்கூட எண்ணூறு நல்லாருக்கு ஆகிவிட்டது. நாற்பத்திரண்டு வருசத்தில் ஒன்றுகூட இல்லை, பதினாலு மாதத்தில் எண்ணூறு. முதல் வாயிலேயே சொல்லிவிடுகிறார், அதுதான் தப்பு, பொய்க்கு அவசரம் தாங்காது, ஆனால் மூன்றாவது வாய்வரை அவள் நிற்பதை அவரால் பார்க்க முடிவதில்லை.

வரிசை நகர்ந்தது. இன்னும் ஆறு பேர். செசிலி முன்னால் நின்ற பெண்ணிடம் ஏதோ கேட்டுச் சிரித்தாள், சந்தனக் கலர் சேலையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அறுபத்தாறு வயதில் அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு வந்திருப்பது அந்த எண்ணூறாலேதான். பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். காய்ச்சலுக்கு அப்புறம் கர்த்தர் உங்க மனச இளக்கிட்டாருங்க என்று ஒரு நாள் சொன்னாள், சொன்னதோடு நிற்காமல் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் முழங்கை நீளத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அவரும் கூடப்போனார். மெழுகு உருகுகிற வாசனை வரவில்லை, ஊதுவத்தி வரவில்லை, அவர் முட்டிபோட்டு, மாதாவே இது பொய் என்று மட்டும் சொன்னார். தினப் பூசைக்கு அவர் போகத் தொடங்கியதையும் அவள் பக்தி என்றே எடுத்துக்கொண்டாள். உண்மை என்னவென்றால், சாமியார் நாக்கில் வைக்கிற அந்த அப்பம் ஒன்றுதான் முன்பு இருந்தபடியே இருக்கிறது. அதற்கு எப்போதும் ருசி கிடையாது. அது அண்ணத்தில் ஒட்டி மெதுவாகக் கரையும்போது மட்டும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குத் தோன்றும். பீடத்திலிருந்து பெஞ்சுக்குத் திரும்பி நடக்கிற பதினாலு அடிக்கு அவர் பழைய இஞ்ஞாசி. அப்புறம் வீட்டுக்கு வந்தால் இட்லியும் அதே மாதிரி அப்பமாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட விவிக்கம்தான். கிறிஸ்துமசுக்கு ரவையும் வெண்ணெயும் முட்டையும், ரம்மில் ஊறிய பழமும் போட்டுச் செய்கிற கேக். பாண்டிச்சேரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம் உண்டு, செசிலியினுடையது அவள் அம்மா வழியில் வந்தது. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் அவள் அக்காள் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருந்தபோது அவர் மூன்றாவது வாயை விழுங்கிவிட்டு, ஏலக்காய் ரெண்டு குறைச்சிருக்கலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், செசிலியும் சிரித்தாள். அடுத்த வருசம் கேக் கடையிலிருந்து வந்தது. அதற்கடுத்த வருசமும். ரவை வறுக்கிற வாசனை இல்லாமல் பதினோரு கிறிஸ்துமஸ் போனது, அவர் ஒவ்வொரு வருசமும் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. போன டிசம்பரில் அவளாகவே பழத்தை ஊறப்போட்டாள். எட்டு மாத நல்லாருக்கு சேர்ந்து அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்திருந்தது. சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா பாதித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு சர்க்கரை வியாதி என்றார், சம்பந்தி காப்பி கேட்டார். இஞ்ஞாசி ஒரு துண்டைத் தின்று முடித்து நல்லாருக்கு என்றார், என்றதோடு நிற்காமல் தட்டை நீட்டி இரண்டாவது துண்டு கேட்டார். வாழ்நாளில் எதையும் இரண்டாவது தரம் கேட்டவரில்லை. ஈர மணலாக இருந்தது. மென்று மென்று தண்ணீர் குடித்து விழுங்கினார். இன்றைக்கு அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அந்தத் துண்டை அவள் தட்டிலிருந்து பிடுங்கின மாதிரி ஆகும். அதற்கப்புறம் அவள் எதை வைத்துப் பாடுவாள்?

ஆனால் சொல்லாமல் எத்தனை நாள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை பாலை அடுப்பில் வைத்துவிட்டு அடுப்படியிலேயே முக்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, அவர் முதுகுப் பக்கம். காஸ் வந்துகொண்டே இருந்தது. அவர் ஊர்ச் செய்தி இரண்டு பக்கம் படித்து முடித்து மூன்றாவது பக்கம் திருப்பும்போது செசிலி தெருவிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்து குழாயை மூடி, சன்னல் இரண்டையும் திறந்து, அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டாள். அசந்துட்டேன் என்றார். உக்காந்துக்கிட்டே யாராச்சும் அசருவாங்களா என்று திட்டினாள், நம்பிவிட்டாள். சனிக்கிழமைகளில் பேத்தி எஸ்தெல் அவர்களிடம்தான் இருக்கிறாள். மருமகள் ஜாஸ்மினுக்கு வேலை, செசிலிக்கு மாதா சபைக் கூட்டம், பத்திலிருந்து பன்னிரண்டுவரை வீட்டில் அவரும் ஒன்பது வயசுப் பிள்ளையும். அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் சனிக்கிழமையில் அவர் அடுப்பே மூட்டுவதில்லை. பிள்ளை சூடாகப் பால் கேட்டால் பிஸ்கட்டு கொடுத்து ஏய்த்துவிடுகிறார். குழாய் மூடியிருக்கிறதா என்று நாலு தரம் போய்ப் பார்க்கிறார். ஒயர் கருகினால்? அயர்ன் பெட்டி? பக்கத்து வீட்டுப் பூனை சுற்றுவதை வைத்து இன்றைக்குக் கருவாடு என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர் கெட்டிக்காரர் ஆகிவிட்டார், ஆனால் எல்லாவற்றுக்கும் பூனை வராது. மில்லில் ஒருத்தர் இருந்தார், கண்ணில் புரை விழுந்ததை மறைத்துக்கொண்டு ஏழு மாதம் துணியைப் பார்க்காமலேயே மடிப்புக்கு அனுப்பியவர். நெசவாளிகளுக்கு அவர்தான் தங்கமான மனுசன். இஞ்ஞாசிக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது.

இப்போது இந்தக் கடைக்கு வந்திருப்பதே அந்த நாக்கை நம்பித்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை எஸ்தெலுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள். புதுநன்மை வாங்கிய பிள்ளை கோயிலை விட்டு வெளியே வந்ததும் முதன்முதலில் வாயில் போடுவது தாத்தா கையால் ஊட்டுகிற இனிப்பாக இருக்க வேண்டும் என்பது இஞ்ஞாசி வீட்டு வழக்கம். அவருக்கு அவர் தாத்தா கற்கண்டு கொடுத்தார். மகனுக்கு அவர் அப்பா பால்கோவா. இந்தப் பிள்ளை இந்தக் கடைப் பலகாரம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது, எதை என்று சொல்லவில்லை. மாமா தின்னு பார்த்துச் சொல்லட்டும், மாமா நாக்குக்கு மேல அப்பீல் உண்டா என்று ஜாஸ்மின் சொல்லிவிட்டாள். வந்திருக்கிற எல்லோருக்கும் அதையே வாங்குவதாக ஏற்பாடு. பதினோரு மணிக்குள் எழுதிக்கொடுத்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும். அவர் பார்வை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மெத்தென்று எது, மொறுமொறுவென்று எது, பிள்ளைக்கு எது ஒட்டாமல் இறங்கும், அப்படிப் பார்த்தால் ஒன்றைச் சொல்லிவிடலாம். சொல்லிவிடலாமா? வெண்ணெய் காறியிருந்தால்? கிரீம் புளித்திருந்தால்? செசிலி வந்துகொண்டிருந்தாள், இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, யார்மேலும் இடிக்காமல், கோயிலில் காணிக்கை கொண்டுபோகிறவள் மாதிரி.

நாலு வகை வாங்கியிருந்தாள். குரோசான், எக்லேர், ஆப்பிள் டார்ட், ஒரு பாதாம் கேக். பெயரெல்லாம் கடைப் பெண்ணிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் கத்தியை எடுத்து ஒவ்வொன்றிலும் மூன்று வாயளவு வெட்டி அவர் பக்கம் நகர்த்தினாள். மூன்று, மூன்று, மூன்று, மூன்று. பன்னிரண்டு துண்டு. மிச்சத்தை ஓரமாக ஒதுக்கிவைத்தாள். ஊரில் இருக்கிற அத்தனை சாத்தானும் சேர்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு சோதனையைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. குரோசானில் தொடங்கினார். வெட்டிய இடத்தில் மடிப்புகள் தெரிந்தன, அவர் கண் தானாக எண்ணியது, பதினாறு, நடுவில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. கடித்ததும் காதுக்குள் சருகு நொறுங்கியது, நல்ல சத்தம், அப்புறம் அந்தச் சத்தம் ஈரத் தாளாகி இறங்கியது. எக்லேர் குளிர்ந்து வழுக்கியது, பஞ்சு, பஞ்சுக்குள் இன்னொரு பஞ்சு. டார்ட்டின் அடிப்பக்கம் பொலபொலவென்று உதிர்ந்தது, மேலே ஆப்பிள் வில்லைகள் மெல்லிசாக, நனைந்த துணியின் ஓரம்போல. பாதாம் நறநறவென்று பல்லில் மாட்டியது. பின்கட்டிலிருந்து தட்டு ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை மேசைக்கடியில் போனது. வாயில் இருந்ததை எல்லாம் விழுங்கிவிட்டு அவர் முதல் சுற்றிலேயே, வழக்கம்போல, நல்லாருக்கு என்றார்.

எது என்று கேட்டாள் செசிலி. எல்லாம் என்றார். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் மேசை விளிம்பில் கிடந்த தூளைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“இந்தப் பதினாலு மாசமா எதுக்கெடுத்தாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்றீங்க. எனக்குச் சந்தோசம்தான், இல்லன்னு சொல்லல. இன்னைக்கு மட்டும் அந்தப் பழைய ஆளா இருங்க. புள்ள வாயில முதல்ல போறது. மூணு வாயும் தின்னுட்டு, என்னா கொற இருக்குதுன்னு சொல்லுங்க.”

பழைய ஆள். பழைய ஆளை எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவது. அவர் இரண்டாவது துண்டை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி எடுத்தார். சொல்லிவிடலாம், எக்லேர் என்று சொல்லிவிடலாம், கிரீம்ல வாசனை ஒரு இழுப்பு கூட, பரவால்ல என்று சொன்னால் நம்பிவிடுவாள், பழைய ஆள் வந்துவிட்டார் என்று ஜாஸ்மினிடமும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வாயைத் திறக்கும். அப்புறம் சனிக்கிழமை வரும். அப்புறம் இன்னொரு சனிக்கிழமை. எண்ண எண்ண அவருக்கு எண்ணிக்கை தவறியது. எப்போதும் தவறாதது. எத்தனை சனிக்கிழமை என்று தெரியவில்லை. துண்டைத் தட்டில் வைத்தார்.

“செசிலி, எனக்கு ஒண்ணும் தெரியல.”

“அதான் இன்னும் ரெண்டு வாய் இருக்குதே. தின்னுட்டுச் சொல்லுங்க.”

“அது இல்ல. ருசி தெரியல. வாசனையும் கெடையாது. அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து. எதுலயும் தெரியல.”

எவ்வளவு நேரம் என்று அவர் எண்ணவில்லை. கதவு இரண்டு மூன்று தரம் திறந்து மூடியது. செசிலியின் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். வலக்கை கத்தியின் மேல் இருந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக அதை விட்டன. மூக்கு அடைப்பா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்பாள் என்று நினைத்தார், கேட்கவில்லை. அன்னைக்கு அந்தப் பால் என்றாள். ஆமா என்றார். அசந்துட்டேன்னு சொன்னது. ஆமா. பிள்ளையை வைத்துக்கொண்டா என்றாள், அது கேள்வியாக இல்லை. சனிக்கிழமை நான் அடுப்பு மூட்டுறதில்ல என்று சொல்ல வாயெடுத்தார், அது சமாதானம் ஆகாது என்று அவருக்கே தெரிந்தது. இனி அவள் அந்த ரசத்துக்குப் போவாள், ரசத்திலிருந்து மீன் குழம்புக்கு, எண்ணூறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூல் இருக்கும். அவள் அங்கெல்லாம் போகவில்லை. நேராகக் கிறிஸ்துமசுக்குப் போனாள்.

“அந்த விவிக்கம் அடி கருகிப்போச்சு. வெட்டி எடுத்துட்டு மேல் பாகத்தத்தான் வெச்சேன், ஆனா கசப்பு மேல வரைக்கும் ஏறிடுச்சி. எனக்குத் தெரியும். மாத்திச் செய்ய நேரமில்ல.”

அவர் நிமிர்ந்தார். சம்பந்தியம்மாவின் அந்தப் பாதித் துண்டு தட்டில் இருந்தபடியே கண்ணில் வந்தது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள், குரல் ஏறவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பல நாள் அப்படித்தான். தன் சமையல் என்ன லட்சணம் என்று தனக்குத் தெரியாதா, இறக்குவதற்கு முன் கையில் ஊற்றிப் பார்க்காமலா இருப்பாள். உப்பு தூக்கிய நாளும் நல்லாருக்கு என்றார், புளி சுருக்கென்று ஏறிய நாளும் நல்லாருக்கு என்றார். தெரிந்துதான் சொல்கிறார், தன்னை நோகடிக்கக் கூடாது என்று இந்த மனுசன் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறாள். நன்றாகச் சமைக்கிறோம் என்ற சந்தோசம் இல்லை அது. கசப்பைத் தின்றுகொண்டு கசப்பு என்று சொல்லாமல் இருக்கிற மனசு அவருக்கு வந்துவிட்டதே என்றுதான் பாடினாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

“பொறுத்துக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையே,” என்றாள். “கருகல்கூட தெரியலையா?”

“தெரியல.”

“பின்ன எதுக்கு ரெண்டாவது துண்டு கேட்டீங்க? ஒண்ணோட விட்டிருக்கலாமே. யாரு கேட்டா?”

இதை அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. யாரும் கேட்கவில்லைதான். ஒரு துண்டோடு பொய் முடிந்திருந்தது, அதற்கு மேல் தேவையில்லை, இரண்டாவது துண்டு மணல், தொண்டையில் நின்றது, தண்ணீர் மூன்று மடக்கு. அவர் அந்தச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்த்தார், சம்பந்தி காப்பி கேட்டது, ஜாஸ்மின் தட்டு அடுக்கியது, அடுப்படி வாசலில் கைத்துணியை முறுக்கிக்கொண்டு நின்ற செசிலி. நாற்பத்து மூன்று வருசமாக அதே இடத்தில் அவள் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் திரும்பி அவள் முகத்தை அவர் பார்த்தது அன்றைக்குத்தான். நாக்கில் ஒன்றும் இல்லாததால் கண்ணுக்கு வேலை வந்திருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு பயம் இருக்கும் என்று, ஒரு வாய்க் கேக்குக்காக ஒரு மனுசிக்கு இத்தனை பயம் வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

“நீ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தே,” என்றார். “அதான்.”

 செசிலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாக எட்டு நிமிசம். தட்டைத் தன் பக்கம் இழுத்து, அவர் தின்னாமல் விட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டாள். அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவில்லை, எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு மென்றாள். உனக்கு எப்படி இருக்குது என்று இஞ்ஞாசி கேட்டார். கேட்டபிறகுதான் இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் தான் கேட்டதே இல்லை என்று தெரிந்தது. எனக்கென்ன தெரியும் என்பாள் என்று எதிர்பார்த்தார். குரோசான் வெண்ணெய் நல்ல வெண்ணெய்தான், ஆனால் இது காலையில் சுட்டது இல்லை, நேற்றையதைச் சூடு பண்ணியிருக்கிறான் என்றாள். எக்லேரில் வெனிலா ஊற்றியிருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியிருக்கிறான். பாதாமில் ஒன்றிரண்டு பருப்பு காறல். டார்ட்டு நல்ல டார்ட்டு, ஆப்பிள் புளிப்பு முன்னால் வருகிறது, இனிப்பு பின்னால் வருகிறது, அப்படித்தான் வர வேண்டும், ஆனால் பட்டை கூட, பிள்ளை நாக்கு சுருக்கென்னும். இதையெல்லாம் அவள் யாரையும் குறை சொல்வதுபோல் சொல்லவில்லை, கொடியில் காய்கிற துணியைத் தொட்டுப் பார்த்து இது காய்ந்தது இது காயவில்லை என்பதுபோல் சொன்னாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நாக்கு ஓடிய காலத்திலும் அந்த ஒன்றிரண்டு காறல் பருப்பை அது பிடித்திருக்குமா என்பது சந்தேகம்.

அவள் எழுந்து போனாள். வரிசையில் நிற்காமல் ஓரமாகப் போய் கண்ணாடியைத் தட்டினாள். அந்தப் பெண்ணிடம் டார்ட்டு இருபத்தஞ்சு என்று சொன்னது அவருக்குக் கேட்டது, பட்டையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றதும் கேட்டது. அதெல்லாம் மாத்த முடியாது ஆன்ட்டி என்றாள் அந்தப் பெண். அப்போ மாத்த முடியறவங்களக் கூப்பிடு என்றாள் செசிலி. உள்ளேயிருந்து வெள்ளை ஏப்ரன் கட்டிய ஆள் ஒருத்தர் மாவுக் கையோடு வந்தார், முதலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார், அப்புறம் கையை எடுத்துவிட்டார். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இவ்வளவு என்று காட்டினாள், அவர் தானும் விரலைச் சேர்த்து இவ்வளவா என்று காட்டினார், இல்லை என்று தலையாட்டி இன்னும் நெருக்கிக் காட்டினாள். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் ஒரு தரம்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இஞ்ஞாசி காத்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, எங்கேயோ ஒரு சத்தம் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்து நின்றுபோன மாதிரி இருந்தது.

திரும்பி வந்து உட்காராமலே பேசினாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இனிமேல் அவள் போகப்போவதில்லை, காரணத்தை ஜாஸ்மினிடம் அவள் சொல்லமாட்டாள், அவரேதான் சொல்ல வேண்டும், இன்றைக்கு சாயங்காலமே. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெட்டி தயாராக இருக்கும், அதையும் அவரேதான் வந்து வாங்க வேண்டும், திறந்து எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். பிள்ளைக்கு ஊட்டுவதை உன் கையால் செய்துவிடேன், எனக்குத்தான் ருசி தெரியாதே என்றார் இஞ்ஞாசி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“கைக்கு எதுக்குங்க ருசி,” என்றாள் செசிலி. “எழுந்திரிங்க, வெயில் ஏறுது.”